தசமப்புள்ளி தெரியாத சில்லு, திக்காத நாதஸ்வரம்

சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ் என்ற குட்டிப் பாட்டு பிளேயர் வந்தது 2009-ல். நான் வாங்கியது போன மார்ச்சில், சென்னை ரிச்சி தெருவில், செகண்ட் ஹேண்டாக. "பேட்டரி புதுசு சார்" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வேறு பேட்டரி மாற்றத் தனியாகத் தண்டம் அழுதேன். அந்தக் கோபம் கடைக்காரர் மேல்தான், பிளேயர் மேல் இல்லை.

வாங்கியதே ராக்பாக்ஸ் போட்டுப் பார்க்கத்தான். 2001-ல் ஸ்வீடன்காரர்கள் சிலர் ஆர்க்கோஸ் பிளேயருக்காக ஆரம்பித்த இலவச ஃபர்ம்வேர் அது, அதாவது பிளேயரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள். அதற்கு முன் என்னிடம் இருந்த பெயர் தெரியாத பிளேயரில் ஓக் ஃபைல் (வோர்பிஸ் முறையில் சுருக்கிய பாட்டு) போட்டால் திக்கித் திக்கிப் பாடும். ஃபைலில்தான் கோளாறு என்று நினைத்து, அப்பாவின் நாதஸ்வர கேசட்டை இரண்டு தரம் மறுபடி பதிவு செய்தேன்!

கிளிப் பிளஸ்ஸில் இருப்பது ஏஆர்எம்9 வகைச் சில்லு. தசமக் கணக்குக்கென்று தனி வன்பொருள் அதில் கிடையாது. சுருக்கிய பாட்டை விரித்து ஒலியாக்கும் நிரல்தான் டிகோடர். தசமத்தில் எழுதிய டிகோடரை அதில் ஓட்டினால் ஒவ்வொரு பெருக்கலையும் மென்பொருளே பல படியாக உடைத்துச் செய்ய வேண்டும், மூச்சு வாங்கிவிடும். ராக்பாக்ஸ் போவது மளிகைக்கடை அண்ணாச்சி வழியில். 12 ரூபாய் 50 காசை 1250 காசு என்று வைத்துக்கொண்டு, முழு எண்ணிலேயே கணக்கை முடித்துவிட்டுக் கடைசியில் புள்ளி வைப்பார் இல்லையா, அதேதான். எம்பி3-க்கு ராக்பாக்ஸ் எடுத்துக்கொண்ட டிகோடர் லிப்மேட், ஒவ்வொரு எண்ணுக்கும் உள்ள 32 பிட்டில் 28 பிட்டைப் புள்ளிக்குப் பின்னால் ஒதுக்குகிறது. இரண்டு 32 பிட் எண்களைப் பெருக்கி 64 பிட் விடை தர இந்தச் சில்லில் ஒரே கட்டளை போதும். வோர்பிஸுக்கு ட்ரெமர் என்ற டிகோடர், அதுவும் முழு எண்தான்.

டிகோடர் வேகத்தை அளக்க ராக்பாக்ஸில் டெஸ்ட் கோடெக் என்று ஒரு செருகுநிரல் (கூடுதலாகச் சேர்க்கும் குட்டி நிரல்) உண்டு. நண்பன் அதையும் சேர்த்து ராக்பாக்ஸைத் தயார் பண்ணிக் கொடுத்தான். ஒரு பாட்டைக் கொடுத்தால், ஒலி எழுப்பாமல் கடகடவென்று டிகோடு செய்து சதவீதம் காட்டும். 100 என்றால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சரியாக ஒரு நிமிடம். அதற்குக் கீழே போனால் திக்கும். மேலே மஞ்சள் பட்டை, கீழே நீலம் என்று அந்தக் குட்டித் திரையில் எண் வந்து விழுவதைப் பார்ப்பதே தனி சுகம். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் பெரிய ஃபைல், ஆனால் சில்லுக்கு அதுதான் இலகு. பிறவியிலேயே முழு எண் கணக்கு. எம்பி3, வோர்பிஸ் இரண்டும் சிரமமில்லாமல் ஓடுகின்றன. எனக்கு ஆச்சரியம் ஓபஸ்தான். 2012-ல் தரப்படுத்தப்பட்ட வடிவம், 2009 பிளேயரில் பாடுகிறது.

மங்கீஸ் ஆடியோவில் மட்டும் ஜாக்கிரதை. அதுவும் ஃபிளாக் மாதிரி எதையும் இழக்காத சுருக்கம்தான். சுருக்க எவ்வளவு உழைப்போ விரிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு உழைப்பு கேட்கும் வடிவம் அது. அதன் உச்ச நிலைக்கு 'இன்சேன்' என்று பெயர், பொருத்தமான பெயர்தான். அப்படி ஒரு கச்சேரியை யாராவது அனுப்பினால் கணினியில் ஃபிளாக்காக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். ஒலியில் ஒரு பிட்கூடக் குறையாது.

இப்போது தாம்பரம் ரயிலில் தினமும் சட்டைப்பையில் மாட்டிக்கொண்டு போகிறேன். தோடி ஆலாபனை பூங்கா ஸ்டேஷன் வரை ஒரு இடத்திலும் அறுபடவில்லை. வாங்குவதாக இருந்தால் ஹெட்போனைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே இரண்டு காதிலும் கேட்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைப் பற்றி அவர்கள் சொல்வதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.