ரூ.14,500 வாங்கிக்கொண்டு என் கோப்புகளையும் அழித்துவிட்டார்கள்: பிட்லாக்கர் போட்டவர்கள் படியுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ் செய்யும் ஒரு கடை. பெயர் போடவில்லை. நேற்றுத்தான் லேப்டாப் கைக்கு வந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அல்சூரில் வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அடுத்தவர் கணக்காயிற்றே, லேப்டாப் தொலைந்தாலும் வெளியே போகக் கூடாது என்று போன வருடமே விண்டோஸில் டிஸ்கையே பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டுவைத்தேன். போன மாதம் மதர்போர்டு போயிற்று. கடையில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆன் செய்தால் நீலத் திரை, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. பூட்டைத் திறக்கும் ரகசியம் பழைய போர்டின் டிபிஎம் சிப்பில் இருக்கிறது. போர்டு மாறினால் இப்படிக் கேட்கத்தான் செய்யும். மாற்றுவதற்கு முன் கடையில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. கீயை எங்கே சேமித்தேன் என்பது எனக்கும் நினைவில்லை.

வெலவெலத்து நின்றேன். "எந்த ஊருண்ணா?" என்றான் கவுன்டரில் இருந்தவன். திருப்பத்தூர் என்றேன். "அட, நான் வாணியம்பாடி! உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? நம்ம லேபுல கீ இல்லாமலே உடைச்சு எடுத்துடுவாங்கண்ணா." டீ வரவழைத்துக் கொடுத்தான். இந்த ஊரில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நம் பேச்சைக் கேட்டால் மனசு இளகிவிடுகிறது. ஜிபேயில் ரூ.14,500 அனுப்பினேன். போர்டு விலை தனி. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் "டேட்டா 14500" என்று கிறுக்கிக் கொடுத்தான்.

அப்புறம் தினமும் ஒரு கதை. "லேபுல போட்டிருக்குண்ணா." "டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கான்." "சாயங்காலம் வாங்க." சாயங்காலம் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். 19-ஆம் நாள் 'அண்ணா' போய் 'சார்' வந்துவிட்டது. "டேட்டா வரல சார், ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டிருக்கோம். லேப் சார்ஜ் திரும்பத் தர மாட்டோம் சார்." ஃபார்மட் செய்ய என்னிடம் யார் கேட்டது? ரூ.14,500!

இரவு அக்கா மகன் கேட்டான்: "மாமா, உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல பாத்தீங்களா?" பார்த்தோம். ஆறு ஆறாக எட்டுக் கட்டு எண்கள். நீலத் திரையை அன்றே போனில் படமெடுத்திருந்தேன். எந்தக் கீ வேண்டும் என்று அதில் காட்டியிருந்த கீ ஐடியும் அக்கவுண்ட்டில் இருந்த கீ ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அக்கவுண்ட்டில் பாருங்கள் என்று அந்தக் கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. டிஸ்கை அழித்த பிறகு அந்த எண்ணை வைத்து என்ன செய்ய? இரண்டு வருட டேலி கணக்கு அதில் இருந்தது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ரெக்கவரி கீயை இன்றே பிரின்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். நான் பிட்லாக்கர் போடவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் தானாகவே இந்தப் பூட்டு (என்க்ரிப்ஷன்) ஆன் ஆகியிருக்கலாம். பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி (சஸ்பெண்ட்) வையுங்கள். கீ இல்லாமல் உடைத்துத் தருகிறேன் என்று எந்தக் கடை சொன்னாலும் நம்பாதீர்கள். கீ தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்டாலேயே புதிதாக உண்டாக்கித் தர முடியாது. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இப்போதுதான் புகார் சொன்னேன். காட்டுவதற்கு அந்த விசிட்டிங் கார்டும் ஜிபே ரசீதும் மட்டும்தான் இருக்கின்றன.