காப்பிப் பூவும் இரட்டைப் படங்களும்: ஒரு செயலியுடன் இரண்டரை ஆண்டுகள்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, நீங்க வெச்சிருக்கிற அந்த இரட்டைப் படம் அழிக்கிற செயலி இப்போ பாதி விலைக்கு வந்திருக்கு, வாங்கலாமுங்களா?" என்று கேட்டார். வாங்குங்கள் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். 2022 டிசம்பரில் சந்தா கட்டியதிலிருந்து அந்தச் செயலி எனக்குச் செய்த நன்மையும் இழைத்த கேடும் ஒரு தொலைபேசிப் பேச்சில் சொல்லி முடிகிறவை அல்ல என்பதால், எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். அவரைப் போலவே கேட்கக்கூடிய மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நான், மனைவி இருவருடைய கைப்பேசிகளும் ஒரே மேகச் சேமிப்புக் (கிளவுட்) கணக்கில் இணைந்திருக்கின்றன. ஏற்காட்டிலேயே இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்தில் சிக்னல் நிலையாகக் கிடைக்காது. அங்கே எடுத்த படங்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வைஃபையில் மேலேறும். அதற்குள் நான் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் அவர் கைப்பேசியிலிருந்தும் தனியாக ஏறும். பழைய கேமரா படங்களை வன்தட்டிலிருந்து ஒரு முறை ஏற்றி, ஏற்றியதை மறந்து மறுமுறையும் ஏற்றியிருந்தேன். இவற்றோடு இன்னொரு காரணமும் இருந்தது. கூகுள் போட்டோஸில் 2021 ஜூன் 1க்கு முன்பு 'உயர் தரம்' என்ற அளவில் வரம்பின்றி இலவசமாக ஏற்ற முடிந்த காலத்தில், படங்கள் சற்றுச் சுருக்கப்பட்டே சேமிக்கப்பட்டன. மேகத்திலிருந்து இறக்கிய படமும் வன்தட்டில் இருக்கும் மூலமும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு வெவ்வேறு கோப்புகளாக இருப்பதற்கு அது ஒரு காரணம். இப்படிச் சேர்ந்தவை எங்கள் கணக்கில் 41,000 படங்களைத் தொட்டிருந்தன.

செயலியின் முதல் வேலை குறை சொல்ல முடியாதது. இம்மி பிசகாத நகல்களை மட்டும் தேடு என்று இரவு பத்து மணிக்குப் பணித்துவிட்டுப் படுத்தேன். விடியும்போது 6,800 நகல்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தது. முந்நூறு குழுக்களைக் கண்ணால் சரிபார்த்தேன், ஒன்றில்கூடத் தவறில்லை. 23 ஜிபி இடம் மீண்டது. இரு படங்களை அருகருகே வைத்து, எடுத்த தேதி, அளவு, கோப்புறை ஆகியவற்றைக் கீழே காட்டும் அந்தத் திரையைப் போல் தெளிவான ஒன்றை வேறு எந்தச் செயலியிலும் நான் கண்டதில்லை. இதை மனமாரச் சொல்கிறேன்.

என் கோபம் முழுவதும் அதன் இரண்டாம் வேலையான 'ஒத்த படங்கள்' தேடலின் மீதும், அதன் அருகில் இருக்கும் 'சிறந்ததை வைத்துக்கொள்' என்ற பொத்தானின் மீதும்தான்.

கோடையில் முதல் நல்ல மழை விழுந்து எட்டுப் பத்து நாட்களில் அராபிகா செடிகள் ஒரே மூச்சில் பூக்கும். மூன்று நான்கு நாட்கள் சரிவு முழுவதும் வெள்ளையாக நிற்கும். பிறகு பழுப்பேறி உதிரும். பூத்த நாளிலிருந்து பழம் பழுக்க எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும் என்பதால், எங்களைப் போல் தண்ணீர் தெளிக்க வசதியில்லாமல் வானத்தை நம்பியிருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்குப் பூத்த தேதிதான் அந்த ஆண்டின் நாட்காட்டி. பறிப்புக்கு ஆட்களை எப்போது பேசுவது என்பதையும், மழை விட்டு விட்டுப் பெய்து பூ தவணை தவணையாக வந்திருந்தால் எத்தனை சுற்றுப் பறிக்க வேண்டியிருக்கும் என்பதையும் அதைக்கொண்டே கணக்கிடுவோம். அப்பா இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தார். நான் 2015 முதல் படமாக எடுத்து வந்தேன். தோட்டத்தின் கீழ் மூலையில் இருக்கும் எல்லைக் கல்லின் மேல் கைப்பேசியை வைத்து, பூ நிறைந்த நாளில் காலை ஏழு மணி அளவில், அதே சரிவையும் அதே சில்வர் ஓக் மரங்களையும் ஆண்டுக்கு ஒரு படம் எடுப்பேன். இடமும் வெளிச்சமும் மாறாமல் இருந்தால்தான் ஓர் ஆண்டின் பூவை மற்றோர் ஆண்டின் பூவோடு ஒப்பிட முடியும் என்பதால் அந்த ஒழுங்கை மிகுந்த கவனத்தோடு காத்து வந்தேன்.

அந்த ஒழுங்கே வினையாயிற்று. 2023 ஏப்ரலில் ஒன்பதாவது படத்தை எடுத்து ஏற்றிய பிறகு, இடம் மறுபடியும் நிறைகிறது என்ற எச்சரிக்கை வரவே, 'ஒத்த படங்கள்' தேடலை ஓட்டினேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் வந்தன. முதல் ஐம்பதைப் பார்த்தேன். எல்லாம் பிறந்தநாள் விழாவில் அடுத்தடுத்து எடுத்த படங்களாக இருந்தன. மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிப் பொத்தானை அழுத்தினேன். ஒன்பது பூப் படங்களில் ஆறு ஒரே குழுவாகச் சேர்க்கப்பட்டு, 2023ஆம் ஆண்டுப் படம் மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டு, மற்ற ஐந்தும் நீக்கப்பட்டன. 2019, 2021 ஆகிய இரண்டும் தப்பியதற்குக் காரணம் அந்த நாட்களில் பனிமூட்டம் சரிவை மறைத்திருந்ததுதான். 2020இல் ஊரடங்கினால் நாங்கள் மேலே போக முடியவில்லை. தோட்டத்திலேயே தங்கியிருந்த மேஸ்திரி வேறு கோணத்தில் எடுத்து அனுப்பியிருந்தார், அதனால் அதுவும் தப்பியது. சரியாக எடுத்தவை போயின, சரியாக அமையாதவை நின்றன.

இது ஏன் நடந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இம்மி பிசகாத நகலைக் கண்டுபிடிக்கக் கோப்பின் எல்லா பைட்டுகளையும் கொண்டு ஒரு கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள்; ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும் என்பதால் அங்கே தவறுக்கு இடமில்லை என்றே சொல்லலாம். ஒத்த படங்களைத் தேடும் முறைகள் வேறு வகை. அவற்றில் பரவலாக அறியப்பட்ட ஒன்று, படத்தை நிறம் நீக்கி, அகலத்தில் 9, உயரத்தில் 8 என்று வெறும் 72 புள்ளிகளாகச் (பிக்சல்களாக) சுருக்கி, ஒவ்வொரு புள்ளியும் வலப்பக்கத்துப் புள்ளியைவிட வெளிச்சமா இருட்டா என்று மட்டும் குறித்துக்கொண்டு 64 பிட்டுகளைப் பெறுகிறது. இரு படங்களின் பிட்டுகளில் சிலவே வேறுபட்டால் அவை ஒத்த படங்கள். என் எல்லைக் கல்லிலிருந்து பார்த்தால் மலைமுகடு, மரத் தண்டுகள், கொட்டகையின் கூரை ஆகியவைதாம் அந்த 72 புள்ளிகளை நிரப்பும். சரிவு முழுவதும் ஒரே சீராக வெளுத்தால் பக்கத்துப் புள்ளிகளுக்கிடையிலான வேறுபாடு மாறாது. பூ பொங்கி நின்ற ஆண்டும், பாதி மொட்டு கருகிப்போன ஆண்டும் அந்தக் கணக்கில் ஒன்றேதான். நான் வாங்கிய செயலி இதே முறையைத்தான் கையாள்கிறதா என்று அவர்கள் வெளியிடவில்லை; ஆனால் அது செய்த தவறு இந்த முறை செய்யக்கூடிய தவறேதான்.

இந்தக் குறையையாவது பொறுத்துக்கொள்வேன். ஏழாண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்களின் தேதிகளைத் தன் திரையிலேயே அத்தனை அழகாகக் காட்டும் செயலி, அழிக்க முடிவெடுக்கும்போது அந்தத் தேதிகளை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை என்பதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அதன் கணக்கில் 'சிறந்தது' என்றால் புள்ளிகள் அதிகம் உள்ளது, அவ்வளவே. புதிய கைப்பேசிகளின் கேமராவில் பொதுவாகப் புள்ளிகள் கூடிக்கொண்டே வருவதால், ஒரே இடத்தில் ஆண்டுக்கு ஒன்றாக எடுத்து வருகிறவர்களிடம் இந்தப் பொத்தான் பெரும்பாலும் பழையதைத்தான் அழிக்கும்.

நீங்கியதை நான் கவனித்தது 2024 மார்ச்சில், மழை விழுந்த பிறகு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடத் தேடியபோது. காப்பெடுத்த படங்கள் கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாட்களும், ஐக்ளவுடில் அழிக்கப்பட்ட படங்கள் 30 நாட்களும் இருக்கும். ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் தேடியவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒத்திசைவு என்பது காப்பு ஆகாது. ஓரிடத்தில் அழித்தது இணைந்த எல்லா இடத்திலும் அழியும். சென்னையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பியிருந்ததால் 2017, 2018, 2022 ஆகிய மூன்றும் சுருங்கிய வடிவில் திரும்பக் கிடைத்தன. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எடுத்த நேரம் பற்றிய உட்குறிப்பு தங்காது. கோப்பின் பெயரில் இருக்கும் தேதிதான் மிச்சம். 2017, 2022 இரண்டையும் அன்றன்றே அனுப்பியிருந்தேன். 2018ஆம் ஆண்டுப் படத்தை ஜூலையில் அனுப்பியிருக்கிறேன். ஆகவே அந்தக் கோப்பின் பெயரில் ஜூலை மாதம் இருக்கிறது, பூத்த நாள் இல்லை. 2015, 2016 இரண்டும் திரும்பவில்லை.

செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். இரண்டே நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. ஓராண்டுக்குள் ஒப்புமையின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார்கள். எடுத்த நாள் வேறானால் தொடாதே என்ற விதியை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது நான் செய்வது மெதுவான வழி. கணக்கில் உள்ளவற்றை முழுவதும் வன்தட்டில் இறக்கி, டூப்குரு என்ற இலவச மென்பொருளில் மூலங்கள் உள்ள கோப்புறையை 'ஒப்புநோக்கு' கோப்புறையாகக் குறித்துவிடுகிறேன். அப்படிக் குறித்த கோப்புறையில் உள்ள எதையும் அது நீக்கக் குறியிட விடாது. படம் எடுத்த நேரத்தின் உட்குறிப்பைக்கொண்டு தேடும் வசதியும் அதில் உண்டு. பட்டியல் கிடைத்த பின் மேகத்தில் உள்ள நகல்களை நானே கையால் நீக்குகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, 2022இல் ஐஓஎஸ் 16 உடன் வந்த இரட்டைப் படத் தொகுப்பு போதுமானதாக இருக்கலாம்; அது தரமான படத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றின் குறிப்புகளையும் அதனோடு சேர்த்துவிடுகிறது.

முழு நகல்களை மட்டும் தேடுங்கள், 'சிறந்ததை வைத்துக்கொள்' பொத்தானைத் தொடாதீர்கள், அப்படியானால் பாதி விலைக்கு இது நல்ல செயலி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே உள்ளவற்றில் பெரும்பகுதி அதற்குச் சான்றாகவும் இருக்கிறது. ஆனால் 2016 என்று எழுதும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. என் சந்தாவை நேற்று நிறுத்திவிட்டேன். நீங்களும் வாங்க வேண்டாம். சேலம் வரும்போது வன்தட்டை எடுத்து வாருங்கள். இருவரும் உட்கார்ந்து ஒரு நாளில் முடித்துவிடலாம்.