லூசில் பாலா, கேரல் பர்னெட்டா: எந்த நினைவுநூல் முதலில்?

அம்மாவுக்கு வாசித்துக்காட்ட அங் மோ கியோ நூலகத்திலிருந்து இரண்டு நினைவுநூல்களை எடுத்துவந்தேன். ஒன்று லூசில் பாலுடையது, மற்றொன்று கேரல் பர்னெட்டுடையது. இருவரும் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையின் தூண்கள்.

லூசில் 1960களில் எழுதிய நூல், அவர் மறைந்த பிறகு 1996இல்தான் வெளிவந்தது. தொழிலின் நடுவே எழுதியதால் திரும்பிப் பார்க்கும் நிதானம் குறைவு, உழைப்பின் சூடு அதிகம். 1951இல் தொடங்கிய அவருடைய தொடர், பார்வையாளர்கள் முன்னிலையில் மூன்று கேமராக்களால் ஃபிலிமில் படமாக்கப்பட்டது. இன்றும் காட்சிகள் பளிச்சென்று இருப்பதற்கு அதுவே காரணம். தொழில்நுணுக்கம் அறிய விரும்புவோருக்கு இந்த நூல் போதும்.

என் மனம் ஒட்டியது கேரலிடம்தான். 1967 முதல் 1978 வரை தம் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தியவர், எழுபதைத் தாண்டிய வயதில், 2010இல் வந்த இந்த நூலில் அமைதியாகப் பேசுகிறார். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் அவர் காதை இழுத்துவிடுவார். தம்மை வளர்த்த பாட்டிக்கு, 'நான் நலம்' என்று சொல்லும் சைகை அது. இதைச் சொன்னதும் அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டார். அவரையும் பாட்டிதான் வளர்த்தார்.

கேரலின் பிறந்தநாள்தோறும் லூசில் பூக்கள் அனுப்புவார். 1989 ஏப்ரல் 26, கேரலின் பிறந்தநாளன்றே லூசில் காலமானார். அன்று பிற்பகலும் பூக்கள் வந்து சேர்ந்தன, வாழ்த்து அட்டையோடு.

முதலில் கேரலை எடுங்கள். அம்மா மறுபடி வாசிக்கச் சொன்னதால் நான் தவணையை நீட்டித்திருக்கிறேன்.