பழுதான பிரிண்டர் வாங்கப்போய் 18,500 ரூபா போச்சு: வன்னியில் இருப்பவர்கள் கவனம்

கோபம் ஆறுமுன் எழுதிவிடுகிறேன். பாவித்த சாமான் விற்கும் ஒரு ஒன்லைன் விளம்பரத் தளத்தில் பார்த்து, பழுதான இங்க்ஜெட் பிரிண்டர் ஐந்து வாங்கினேன். பிரிண்டருக்கு 15,000, கூரியருக்கு 3,500, மொத்தம் 18,500 ரூபா. வந்து சேர்ந்தது ஐந்து வெறும் கூடு.

பழுதான பிரிண்டருக்கு ஏன் காசு என்று கேட்பீர்கள். இங்க் காய்ந்து, அதைப் பேப்பரில் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டால், திருத்தும் செலவுக்குப் புதிதே வாங்கலாம் என்று சனம் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் உள்ளே இருப்பவை நல்லாகத்தான் இருக்கும். ஹெட் ஓடும் வழவழப்பான உருக்குத் தண்டு, அதை இழுக்கும் பல் பெல்ட், பேப்பர் இழுக்கும் உருளை, பேப்பர் வந்துவிட்டதா என்று பார்க்கும் ஒளி சென்சர், பவர் சப்ளை. பழைய மாடல்களில், சொன்ன அளவுக்குப் படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டர் கிடைக்கும். புதியவற்றில் பெரும்பாலும் டிசி மோட்டரும், மயிரிழைக் கோடுகள் போட்ட ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டியும் இருக்கும்; அந்தக் கோடுகளை எண்ணித்தான் ஹெட் எங்கே நிற்கிறது என்று பிரிண்டர் அறிகிறது. ஸ்கேனர் சேர்ந்த மாடல் என்றால் அதற்குள் இன்னொரு மோட்டர்.

பரந்தனில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் வந்து, மோட்டர், சென்சர்களை இயக்க நிரல் எழுதிப் பழகும் சின்ன எலக்ட்ரோனிக் போர்டான ஆர்டுயினோ பழகுகிறார்கள். பேனாவால் படம் கீறும் ஒரு சின்ன மெசின் செய்யத் திட்டம் போட்டோம். இரண்டு திசைக்கும் தண்டும் மோட்டரும் வேண்டும். மிச்சப் பிரிண்டர்களைப் பிள்ளைகள் தாங்களே கழற்றிப் பழகட்டும் என்றுதான் ஐந்து கேட்டேன்.

விற்றவர் தமிழ் ஆள். குரலில் அவ்வளவு பணிவு. என்ன தேவைக்கு என்று அவரே கேட்டார். சொன்னேன். "அண்ணை, பிள்ளைகளுக்கெண்டால் நான் குறைச்சுத் தாறன். ஒரு ஆணிகூடக் கழட்டேல்லை, அப்பிடியே கிடக்கு" என்றார். தனக்கும் கிளிநொச்சிப் பக்கம் சொந்தம் இருக்கிறதாம், ஏ9 வீதியால் வரும்போது ஒருநாள் பிள்ளைகளை வந்து பார்க்கிறாராம். மூடியைத் திறந்து எடுத்த படமும் அனுப்பினார். தண்டு, பெல்ட், மோட்டர் எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. அந்தப் படத்தையும் அந்தப் பேச்சையும் நம்பித்தான் 18,500 ரூபாவையும் முழுதாக வங்கியில் போட்டேன்.

பெட்டியைப் பிள்ளைகள் முன்னால்தான் பிரித்தேன். முதலாவதைத் தூக்கியதும் ஹெட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருண்டது, தண்டு இல்லை. மோட்டர் இருந்த இடத்தில் ஓட்டை. வயர்களைக் கழற்றக்கூட இல்லை, கட்டரால் வெட்டியிருக்கிறார்கள். நட்சத்திரத் தலை ஆணிகளில் புதுக் கீறல் பளபளக்கிறது. கோட்டுப் பட்டியைப் பிய்த்து எறிந்திருக்கிறார்கள். மற்ற நாலும் அதே கதி, ஸ்கேனர் மோட்டர் உட்பட. அடியில் கழிவு இங்க் உறிஞ்சும் பஞ்சு மட்டும் பத்திரமாக இருந்தது. அது கசிந்து பெட்டியெல்லாம் கறுப்பு, பிள்ளைகளின் கையெல்லாம் கறுப்பு. ஒரு பிள்ளை மற்றப் பெட்டிக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டே இருந்தது.

உடனே அழைத்தேன். "கூரியர்காரர் போட்டு அடிச்சிருப்பாங்கள்" என்றார். ஆணி பூட்டிய மோட்டர், ஒட்டிய பெட்டிக்குள் இருந்து எப்படி அண்ணை வெளியே போகும்? பிறகு, "உடைஞ்ச பிரிண்டர் எண்டுதானே விளம்பரம், உடைஞ்சதுதானே வந்தது" என்றார். பிறகு வேறு ஒருவர் எடுத்து, முதலாளி இல்லை, திங்கள் எடுங்கோ என்றார். திங்களும் போனது, என் இலக்கத்தை மறித்துவிட்டார்கள். தளத்துக்கு எழுதினால், தாங்கள் விளம்பரம் போட இடம் கொடுப்பவர்கள் மட்டும்தானாம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம். அதே படத்தோடு அதே விளம்பரம் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. யாருடைய பிரிண்டரின் படமோ!

எங்கள் பக்கத்தில் 18,500 ரூபா சின்னக் காசில்லை. அதில் பெற்றோர் சிலர் சேர்த்துத் தந்ததும் இருக்கிறது. அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

வாங்க நினைப்பவர்கள் படத்தை நம்பாதீர்கள். வீடியோ கோலில் மூடியைத் திறந்து, ஹெட்டைக் கையால் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள். பெல்ட்டும் மோட்டரும் சேர்ந்து சுற்ற வேண்டும். பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் முழுக்காசு கொடுக்காதீர்கள். முடிந்தால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ திருத்தும் கடைக்கு நேரே போய், கண்ணால் பார்த்து வாங்குங்கள். பவர் சப்ளை போர்டைப் பிள்ளைகள் தொட விடாதீர்கள், வயரைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் மின் நிற்கும்.

வங்கிச் சீட்டு, அவர் அனுப்பிய படம், நான் எடுத்த படங்கள் எல்லாம் வைத்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு போகிறது. "ஒரு ஆணிகூடக் கழட்டேல்லை" என்று யாராவது உங்களுக்கும் சொன்னால், காசு போட முதல் எனக்கு எழுதுங்கள், கணக்கு இலக்கத்தை ஒத்துப் பார்த்துச் சொல்கிறேன்.