முற்றத்துக்கும் வரி: ஆலோசகரை வைத்துச் சொத்து வரியைக் குறைத்த கதை, மூன்று வருடம் கழித்து

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். அவன் வீட்டுக்குச் சொத்து வரி தாறுமாறாக வந்திருக்கிறதாம். "நீ ஒருத்தர்கிட்ட கொடுத்துக் குறைச்சியே, அவர்கிட்டயே கொடுக்கலாமா?" என்று கேட்டான். கொடு என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இதே கேள்வியோடு வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் யோசித்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் ஊர். ஊர் பெயரையும் ஆலோசகர் பெயரையும் எழுதவில்லை, தேவையும் இல்லை. 2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்கச் சொத்து வரியை உயர்த்தினார்கள் அல்லவா, அப்போது ஆரம்பித்த விவகாரம் இது. சென்னை தவிர மற்ற ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்வு. எங்கள் வீடு 1,120 சதுர அடி. பழைய வரி அரையாண்டுக்கு 1,064 ரூபாய். 50 சதவீதம் கூட்டினால் 1,596 வர வேண்டும். நோட்டீஸில் இருந்ததோ 2,311.

ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். எண்ணைப் பார்த்ததும் கூட்டல் தப்பு என்றுதான் நினைத்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது, பரப்புதான் தப்பு. 1,390 சதுர அடி என்று போட்டிருந்தார்கள். அப்பா 1987இல் கட்டிய வீடு. நான்கு பக்கமும் தாழ்வாரம், நடுவில் 18க்கு 15 அடி முற்றம். வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை பெருக்கி, வானம் பார்த்த முற்றத்தையும் கட்டடத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த 270 சதுர அடி கூடியதால் வீடு 1,200ஐத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விட்டது. 75 சதவீத உயர்வு முற்றத்துக்கு மட்டும் இல்லை, வீடு முழுவதற்கும் விழுந்தது. உங்களுக்கு நோட்டீஸ் வந்தாலும் தொகையைப் பார்க்கும் முன் பரப்பைப் பாருங்கள். 1,200, 1,800 என்ற எல்லைகளுக்குப் பக்கத்தில் உள்ள வீடு என்றால் நாலு அடி தப்பும் பெரிய தப்புதான்.

நானே இரண்டு முறை அலுவலகம் போனேன். முதல் முறை "எழுதிக் கொடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், வாங்கியதற்குச் சீல் வைத்துத் தரவில்லை. அடுத்த முறை போனால் அந்தத் தாளே இல்லை. அப்புறம்தான் இந்த ஆலோசகரைப் பிடித்தேன். வரி வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கட்டணம் முன்பணமாக 2,500. வரி குறைந்தால், குறைந்ததில் ஒரு வருடத் தொகை. வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை.

அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. மனுவை ஒரே பக்கத்தில் எழுதினார். வரி விதிப்பு எண், நோட்டீஸ் தேதி, அவர்கள் போட்ட பரப்பு, உண்மையான பரப்பு, வித்தியாசம் எங்கே வருகிறது, அவ்வளவுதான். என் மனு மூன்று பக்கம், அதில் பாதி என் கோபம். நோட்டீஸில் இருந்த கெடுவுக்கு நான்கு நாள் முன்பே கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கினார். மனு நிலுவையில் இருக்கும்போது பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டதற்கு, "முழுசாக் கட்டு தம்பி, பாக்கி வச்சுட்டுப் பேசாதே" என்றார். 2,311ஐயும் கட்டினேன். அது நல்ல யோசனை என்று பிறகு புரிந்தது.

மனு கொடுத்தது ஆகஸ்ட் மாதம். அப்புறம் செப்டம்பர் முழுவதும் மனிதர் அசையவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டார். மாடி ஏறிப் போய்க் கேட்டால், "இருக்கட்டும் தம்பி, பொறு" என்பார். எதற்குப் பொறுப்பது? சொல்ல மாட்டார். கச்சான் காற்றில் தெருவெல்லாம் புழுதி. அதிலே ஐந்து முறை அந்த மாடிப்படி ஏறியிருப்பேன். ஐந்து முறையும் அதே "பொறு".

நவம்பரில் ஒரு காலை. விடியற்காலையிலிருந்து நல்ல மழை. கதவு தட்டும் சத்தம். குடையோடு நிற்கிறார், போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறார். வந்தவர் அம்மாவிடம் ஒரு அண்டா கேட்டார். அதை முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு, தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டு பத்து நிமிடம் பேசாமல் நின்றார். அண்டாவில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் ஒரு போட்டோ எடுத்தார். பிறகு அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து எதிர்ச்சுவருக்குப் போகச் சொன்னார். "தொய்ய விடாதே, இழுத்துப் பிடி." நனைந்துகொண்டே பிடித்தேன். நாடா தெரிகிற மாதிரி நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று. கடைசியாக அண்ணாந்து வானத்தை ஒரு போட்டோ. டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவ்வளவு நாள் அவர் மழைக்குத்தான் காத்திருந்தார் என்று எனக்கு விசாரணை அன்றுதான் தெரிந்தது. முற்றத்துக்கு மேலே திருடனுக்குப் பயந்து அப்பா கம்பி போட்டிருந்தார். அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். "மேலே மூடியிருக்கே?" இவர் வாதாடவில்லை. போட்டோக்களை மேசையில் வரிசையாக வைத்து, அண்டாவை விரலால் காட்டினார். "கம்பிதான் சார் இருக்கு. மழை உள்ளே விழுது, பாருங்க." அதிகாரி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். மறுவாரம் ஆள் வந்து அளந்தார்கள். டிசம்பரில் உத்தரவு வந்தது. பரப்பு 1,120, வரி 1,596. கூடுதலாகக் கட்டிய 715ஐ அடுத்த அரையாண்டில் கழித்து, 881 கட்டினால் போதும் என்றார்கள். அந்த 881 ரூபாய் ரசீதை அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பா படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார்.

வறண்ட நாளில் எடுத்த போட்டோவுக்கும் மழை விழும் போட்டோவுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அந்த மூளைக்கு 2,500 தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் "மழை வரட்டும் தம்பி" என்று செப்டம்பரில் மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஐந்து முறை ஏறி இறங்கியிருக்க மாட்டேன், இரவில் தூக்கமும் கெட்டிருக்காது. ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவீர்கள் என்பாராம். அவரிடம் வேலை கொடுத்த இன்னொருவர் இதைச் சொன்னார்.

இதைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு ஒன்று. வீடு கட்டி முடித்ததும் அப்பா கட்டிய முதல் வரியின் ரசீது எங்களிடம் இருந்தது. மடிப்பில் கிழிய ஆரம்பித்த தாள், நீல மையில் அப்பா பெயர். தகரப் பெட்டியில் பத்திரத்தோடு வைத்திருந்தோம். பழைய பரப்புக்கு அத்தாட்சி என்று அவர் வாங்கிப் போனார். நகல் எடுத்துத் திருப்பித் தருவார் என்றுதான் கொடுத்தேன். அசலையே மனுவோடு சேர்த்துக் குத்திக் கொடுத்துவிட்டார். ஜெராக்ஸ் கடை அவர் மாடிப்படிக்குக் கீழேயே இருக்கிறது! ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. உத்தரவு வந்த பிறகு கேட்டபோது, "அது ஃபைலோட போயிருக்கும்" என்றார். அலுவலகத்தில் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், மூன்றுக்கும் சீல் வாங்கினேன். சீல் வாங்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ரசீது மட்டும் இன்னும் வரவில்லை.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2,500உம் ஒரு வருட வித்தியாசம் 1,430உம் சேர்ந்து 3,930 அவருக்குப் போனது. அரையாண்டுக்கு 715 மிச்சம். 2024 அக்டோபர் அரையாண்டில் 6 சதவீதம் ஏறி என் வரி 1,692 ஆனது. பழைய தப்பு அப்படியே இருந்திருந்தால் 2,450 ஆகியிருக்கும். ஆக, ஆறாவது அரையாண்டில்தான் கொடுத்த பணம் திரும்பியது. இனி வருவதெல்லாம் லாபம். இந்த அக்டோபரிலும் 31ஆம் தேதிக்குள் கட்டி, 5 சதவீத ஊக்கத்தொகையும் கழித்துக்கொண்டேன்.

ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் பாம்பன், தேவிபட்டினம் பக்கத்து ஆட்கள் இந்தச் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அங்கே வீட்டு வரி, 1994ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி நடப்பது, அது தனி.

சரி, நண்பனுக்கு என்ன சொல்வது? வேலை தெரிந்தவர், கெடு தவற மாட்டார், லஞ்சப் பேச்சே எடுக்கவில்லை, ஜெயித்தும் கொடுத்தார். இவ்வளவும் உண்மை. இருந்தும் என் பதில், கொடுக்காதே என்பதுதான். அப்பா பெயர் எழுதிய தாள் ஏதோ ஒரு ஃபைலில் கிடக்கிறது, அதை நினைத்தால் வேறு பதில் வரமாட்டேன் என்கிறது.

அவன் வீட்டில் முற்றம் கிடையாது. முன்னறையில் முன்பு தையல் கடை வைத்திருந்தான், மூடி ஆறு வருடம் ஆகிறது. இன்னும் அதை வணிகம் என்றே போட்டு 100 சதவீதம் ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஷட்டரைக் கழற்றிவிட்டு ஜன்னல் வைத்தது போட்டோவில் தெரியும். மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றியிருந்தால் அந்தப் பில்லும் கையில் இருக்கும். நண்பா, ஒரு பக்க மனு நானே எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாடாவோடு வருகிறேன், மறுமுனையைப் பிடிக்க உன் மகனை வீட்டில் இருக்கச் சொல். பழைய ரசீதுகளையும் எடுத்து வை. வரும் வழியில் நகல் எடுத்துக்கொள்ளலாம், அசலை யார் கையிலும் கொடுக்காதே.