யேல் நடைச்சுற்றுலா: பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு வரலாற்று வகுப்பு

அமெரிக்காவின் நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டும் இந்த நடைச்சுற்றுலாவில் பாதி நேரம் கட்டடப் புராணம்தான். காதில் வாங்காவிட்டாலும் நஷ்டமில்லை. ஹை தெருவில் 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்ற ரகசிய மாணவர் சங்கத்தின் கட்டடத்தின் முன் நின்றபோதுதான் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று பட்டது. பழுப்பு மணற்கல், இறுகப் பூட்டிய கதவு. 'கல்லறை' என்றே பெயர்.

1832இல் இதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அல்போன்சோ டாஃப்ட். அவர் மகன் வில்லியமும் இதே சங்கம். பிறகு ஜனாதிபதி, அதற்கும் பிறகு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி! நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட்டும் இந்தக் கூட்டம்தான். 2004 ஜனாதிபதித் தேர்தலில் மோதிய புஷ், கெர்ரி இருவருமே உறுப்பினர்கள். யார் ஜெயித்தாலும் வெள்ளை மாளிகை சங்கத்துக்குத்தான், போங்கள்.

வழிகாட்டிய மாணவர் கலகலப்பானவர். ஆனால் இந்தச் சங்கத்தில் பெண்களை எப்போது சேர்த்தார்கள் என்று என் மகள் கேட்டதும் மழுப்பிவிட்டார் (1990களில்தான்). அப்புறம், புஷ் அப்பா, மகன், உச்ச நீதிமன்ற நீதிபதி கவனா மூவரும் இருந்த டெல்டா கப்பா எப்சிலான் என்ற இன்னொரு மாணவர் சங்கத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஐந்துக்கு மூன்றரை. 'கல்லறை'க்குள் விடமாட்டார்கள், வாசலில் படம் எடுக்கலாம்.