ஆன்லைன் டிகிரியா, தொலைநிலைக் கல்வியா, கல்லூரியா?

செலவு குறைவு என்பதால்தான் பிள்ளைகள் ஆன்லைன் டிகிரியில் சேர்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வரவில்லை. சென்னை ஐஐடியின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸை நான்கு வருடமும் சலுகை இல்லாமல் முடிக்கச் சில லட்சம் ஆகும், அரசுக் கலைக் கல்லூரியில் அதில் சிறு பங்குகூட ஆகாது.

அப்புறம் ஏன் சேர்கிறார்கள்? இருக்கிற வேலையையோ படிப்பையோ விடவேண்டாம் என்பதுதான் பெரிய காரணம். 2020-ல் தொடங்கிய இந்தப் படிப்புக்கு ஜேஇஇ நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை, வயது வரம்பில்லை, பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் நான்கு வாரப் பாடத்தைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். ஒரு டெர்மில் எத்தனை பாடம் முடியுமோ அத்தனைக்கு மட்டும் பணம் கட்டலாம், நடுவில் நிறுத்தினாலும் டிப்ளமோ வரை படித்ததற்குச் சான்று கையில் இருக்கும். 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாம் என்று அனுமதித்த பிறகு, பகலில் பி.இ. மெக்கானிக்கல் வகுப்பில் உட்காரும் மாணவர் இரவில் பைத்தான் புரோகிராமிங் படிப்பது சாதாரணமாகிவிட்டது.

ஆனால் இது சுலபமான வழி இல்லை. வாராவாரம் அசைன்மென்ட் கெடு உண்டு, தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுதவேண்டும். இந்தப் பட்டத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்பேன். கணக்கில் தடுமாறுபவர்களுக்கும், ஆங்கிலத்தில் பாடம் கேட்டுப் பழகாதவர்களுக்கும் ஆரம்பம் மிகக் கடினம்.

தொலைநிலைக் கல்வி தரும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் வேறு ஆட்களுக்கானவை. பதவி உயர்வுக்கோ குரூப் 2 தேர்வுக்கோ ஒரு டிகிரி வேண்டும், கட்டணம் குறைவாக இருக்கவேண்டும் என்றால் தாராளமாக அங்கே போகலாம், தமிழ்நாடு திறந்தநிலையில் தமிழ்வழிப் படிப்புகளும் உண்டு. ஆனால் வாராவாரம் துரத்துகிற கெடு அங்கே இல்லை, புத்தகத்தை நாமாகத்தான் திறக்கவேண்டும்.

சரி, பிளஸ் டூ முடித்த பதினேழு வயதுப் பிள்ளைக்கு? அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன், அதுவும் வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டாயம். சந்தேகம் கேட்க ஆசிரியர், ஆய்வகம், நூலகம், கூடப் படிக்கிற நண்பர்கள் எல்லாம் அந்த வயதில் தேவை. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் 1000 ரூபாய், தொலைநிலையில் படித்தால் கிடைக்காது. ஆன்லைன் டிகிரியை இரண்டாம் வருடத்தில் கூடவே சேர்த்துக்கொள்ளலாம், ஓடிவிடாது.

பல்கலைக்கழகங்களின் ஆன்லைன், தொலைநிலைப் படிப்பு எதில் சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி தொலைநிலைக் கல்வி இணையதளத்தில் பாருங்கள். நர்சிங்கையும் பார்மசியையும் ஆன்லைனில் பட்டமாகத் தர யுஜிசி விதி இடம் தரவில்லை, தருகிறோம் என்று யாராவது போன் செய்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.